வேலையை விட்டுவிட்டு வயலுக்கு வரலாமா? மூன்று ஏக்கரை வைத்து ஒரு கணக்கு

மேட்டூர் அணை திறந்த செய்தி டிவியில் ஓடிய அன்று, அதாவது 2025 ஜூன் 12ஆம் தேதி இரவு, சித்தப்பா மகன் போன் செய்தான். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருஷமாக இருக்கிறான். ஓவர்டைம் சேர்த்து 24,000 கைக்கு வரும், அதில் பாதி அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் போய்விடும். "அண்ணே, பேசாம ஊருக்கே வந்துடலாமான்னு இருக்கு, மூணு ஏக்கர் சும்மாதானே கெடக்கு" என்றான். சும்மா கிடக்கவில்லை, உன் அப்பா அதில் இன்னும் நாற்று விட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அன்று அவன் கேட்க விரும்பியது அது இல்லை.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து நாலு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு, கஜா புயல் அடித்த மறு வருஷம் திரும்பி வந்தவன். அதனால் ஊரில் எவன் திரும்பி வர யோசித்தாலும் எனக்குத்தான் முதல் போன் வரும். எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காவிரி டெல்டாவில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் வீட்டுப் பையனுக்கு முன்னால் நாலு வழி இருக்கிறது. முழுசாக வந்து விவசாயம் பண்ணலாம். வேலையில் இருந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம். குத்தகைக்கு விட்டுவிட்டு அக்கடா என்று இருக்கலாம். இல்லையென்றால் வயலைச் சுற்றி நடக்கும் தொழிலில் இறங்கலாம், அதாவது டிராக்டர், நாற்றங்கால், மருந்தடிக்கும் டிரோன் என்று. ஐந்தாவதாக விற்றுவிடலாம் என்று ஒன்று உண்டு, அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

முதல் வழியிலிருந்து தொடங்குவோம், கணக்கும் அதில்தான் நிறைய. என் நோட்டில் இருப்பதையே சொல்கிறேன். போன குறுவையில், அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் போகத்தில், கோ 51 என்ற நெல் ரகம் போட்டேன், ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டது. அரசுக் கொள்முதல் விலை 2025-26 பருவத்துக்கு சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகை சேர்த்து குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500. ஆக ஏக்கருக்கு ஏறத்தாழ 56,000. உழவு, வரப்பு வெட்டு, பாய் நாற்று (மிஷினில் வைக்கப் பாய் மாதிரி வளர்ப்பது), மிஷின் நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு மிஷின், களத்துக்கு ஏற்றுக்கூலி எல்லாம் சேர்ந்து 32,000 போனது. மீதி 24,000. மூன்று ஏக்கருக்கு 72,000. அடுத்து வரும் சம்பாப் போகத்தில் கண்டுமுதல் (மகசூல்) கொஞ்சம் குறையும், மழையில் ஒரு தடவையாவது உரம் கரைந்து போகும்; மூன்று ஏக்கருக்கு 60,000 நின்றால் நல்ல வருஷம். இரண்டு போகமும் சேர்த்து 1,32,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,000.

இந்த 11,000ஐ மட்டும் பார்த்து முடிவு பண்ணக்கூடாது. இதே மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டால் எங்கள் பக்கம் ஏக்கருக்கு வருஷத்துக்கு 14,000 கிடைக்கும், அதாவது கால் நனையாமல் 42,000. 1,32,000இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள், 90,000. நீங்கள் வருஷம் முழுக்க விடிகாலை மடை திறந்து, ராத்திரி பன்றி விரட்டி, மழையில் நெல்லுக்குக் காவல் படுத்ததற்கு உங்கள் உழைப்புக்கான கூலி அந்த 90,000தான். மாதத்துக்கு 7,500. ஒரகடத்தில் இதைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்குபவனிடம் "மண்ணை நேசி தம்பி" என்று மேடையில் பேசுவது சுலபம்.

ஒரு விஷயம் தெரியுமா, தமிழ்நாட்டில் மூன்று ஏக்கர் என்பதே சராசரிக்கு மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் என் கணக்கைவிட மோசமான கணக்குதான் பெரும்பாலானவர்கள் வீட்டில்.

சரி, மாதம் 11,000தான் என்றாலும் சொந்த வீடு, வாடகை இல்லை, அரிசி வாங்க வேண்டாம், சமாளிக்கலாம் என்று ஒருவன் சொல்லலாம். சமாளிக்கலாம்தான், அது மாதாமாதம் வந்தால். இங்கே காசு ஐப்பசியில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை வரும். நடுவில் செலவுக்கு அம்மாவின் நகை கூட்டுறவு சங்கத்துக்குப் போகும், வரும், மறுபடி போகும். அங்கே பயிர்க்கடன் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது, நல்ல விஷயம். ஆனால் அதற்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும், அதாவது நிலம் யார் பெயரில், அதில் என்ன பயிர் என்று சொல்லும் ஆவணங்கள். சித்தப்பா வீட்டில் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. மத்திய அரசு வருஷத்துக்குத் தரும் பிஎம் கிசான் 6,000 ரூபாயும் அப்படித்தான், பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான். வயலில் இறங்கி வேலை செய்கிற 27 வயதுப் பையன் எந்தப் பதிவேட்டிலும் விவசாயி கிடையாது, அவன் விவசாயியின் மகன், அவ்வளவுதான்.

இளைஞர்கள் விவசாயத்துக்கு வராததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். போனைப் பார்த்துக் கெட்டுவிட்டார்கள், வெயிலில் நிற்க மாட்டேன் என்கிறார்கள், இப்படி. வெயிலில் நிற்காதவனா துபாயில் கட்டட வேலை பார்க்கிறான்? என் கண்ணுக்குப் படுகிற காரணம் இரண்டுதான், ஒன்று மாதக் காசு இல்லாதது, இன்னொன்று வயலில் அவன் சொல் செல்லாதது. மற்றதெல்லாம் இந்த இரண்டின் கிளைகள்.

சொல் செல்லாதது என்றால் என்ன என்று ஒரு உதாரணம். நான் வந்த முதல் வருஷம் நடவு மிஷின் வைக்கலாம் என்றேன். அப்பாவுக்கு மிஷின் நடவைப் பார்த்தாலே பிடிக்காது, நட்ட அன்று வயல் மொட்டையாகத் தெரியும், நாற்று விரல் நீளம்தான் இருக்கும், தெருவில் போகிறவன் எல்லாம் "என்னங்க, கோரையா வெச்சிருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போவான். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இருபது நாள் கழித்து அது தூர் கட்டி விரிந்தபோது வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவரே மிஷின்காரனுக்குப் போன் பண்ணினார், பண்ணிவிட்டு என்னிடம் வந்து, "நான் சொல்லியிருக்கேன், வருவான்" என்றார், என்னமோ அவர் கண்டுபிடித்த மாதிரி. எனக்கு அந்த ஒரு வருஷம் பொறுக்க முடிந்தது, கையில் சிங்கப்பூர் காசு கொஞ்சம் இருந்தது. வெறும் கையோடு வந்திருந்தால், பெட்ரோலுக்குக்கூட அப்பாவிடம் கேட்டு நிற்கிறவன் பேச்சு எங்கே எடுபடும்.

2003இல் தேசிய மாதிரி ஆய்வில் விவசாயிகளிடம், வேறு வழி இருந்தால் விவசாயத்தை விட்டுவிடுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 40 பேர் ஆமாம் என்றார்கள். அந்த நாற்பது பேரின் பிள்ளைகள்தான் இன்றைக்கு இருபத்தைந்து முப்பது வயதில் இருப்பவர்கள். "நான் பட்டது போதும், நீயாவது நிழல்ல உக்காரு" என்று சொல்லி வளர்த்த பிள்ளை வயலுக்கு வரவில்லை என்று யாரைக் கோபித்துக்கொள்வது?

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே நான் போட்ட இரண்டு போகக் கணக்கு எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது. 2016-17இல் காவிரியும் பொய்த்தது, மழையும் பொய்த்தது. 2018 நவம்பரில் கஜா. 2023இல் ஜூன் 12 அன்றே திறந்தார்கள், குறுவை பாதியில் காய்ந்தது, அக்டோபர் 10ஆம் தேதி அணையையே மூடிவிட்டார்கள். 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தது, அதற்குள் குறுவைப் பட்டமே தாண்டிவிட்டது. சொந்த போர்வெல் இருக்கிறவனுக்கு இது பாதிக் கவலை. 1990இலிருந்து எல்லா விவசாய மோட்டாருக்கும் கரண்ட் இலவசம், மோட்டார் ஓடினால் அணையைப் பார்க்காமல் குறுவை நட்டுவிடலாம். புதுசாக இணைப்பு வாங்குகிறவன் வருஷக்கணக்கில் காத்திருக்கிறான். வாய்க்கால் முடியும் கடைமடையில் நிலத்தடி நீரும் உப்பு, அங்கே போர் போட்டும் புண்ணியமில்லை. ஆகவே திரும்பி வர நினைக்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நம் வீட்டில் இணைப்போடு போர் இருக்கிறதா? இல்லையென்றால் அது ஒரு போக நிலம், மாதம் 11,000 என்பது பாதியாகிவிடும். அந்த நிலத்தை நம்பி வேலையை விடாதே என்று நான் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் நாம் கட்டுவது, கட்டாயம் கட்டுங்கள். ஆனால் இழப்பைக் கணக்கெடுப்பது வருவாய்க் கிராமம் முழுவதையும் ஒன்றாக வைத்து. வடக்குத்தெரு வயலெல்லாம் தப்பித்து உங்கள் பள்ளக்கால் வயல் மட்டும் மூழ்கியபோது 2025 வரை பெரும்பாலும் ஒன்றும் வந்ததில்லை.

போன அக்டோபரில் நான் நெல் கொண்டுபோன கொள்முதல் நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு வாரக் குவியல் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடுப்பார்கள். என் நெல் மிஷின் வைத்துப் பார்த்தபோது 18.4. காயவைக்க வேண்டும், வானம் கருத்து நிற்கிறது. பகலில் ஒரு மணி நேரம் வெயில் அடித்தால் தார்ப்பாயை விலக்கிக் காலால் கிளறுவோம், தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூடுவோம், இப்படி ஒரே நாளில் ஐந்து தடவை. நாலாம் நாள் ராத்திரி பெய்த மழையில் தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் போய்விட்டது. காலையில் கையை விட்டுப் பார்த்தேன், அடியில் சூடாக இருந்தது. ஈர நெல் அப்படித்தான் சூடாகும். ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளையாக ஊசி முனை அளவு முளை. அந்த அடி நெல் மட்டும் நாலு மூட்டை, மாட்டுக்குப் போட்டோம். நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை. அந்த ஆறு ராத்திரி அங்கே காவல் கிடந்தவர்களை எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். என்னைவிட வயது குறைந்தவன் ஒருவன்தான். அவனும் போனில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான்.

முழுசாக வந்துவிடு என்று நான் யாருக்கும் சொல்லாததற்கு இதுதான் காரணம். பயிரை மாற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: எங்கள் களிமண்ணில் குறுவை, சம்பாப் பட்டத்தில் நெல்லைத் தவிர வேறு எதுவும் காலூன்றாது. கோடையில் பருத்தி போடலாம், திருவாரூர் மாவட்டத்தில் நிறையப் பேர் போடுகிறார்கள், எடுப்புக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாவது விலையைப் பொறுத்தது. தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். விதையைத் தவிர செலவே கிடையாது, பனி ஈரத்திலேயே விளைந்துவிடும், கல்யாணச் செலவெல்லாம் உளுந்தில்தான் நடந்தது என்பார்கள். இப்போது அறுப்பு மிஷின் செயின் முளைத்த உளுந்தின் மேலேயே ஏறிப் போகிறது. கையால் அறுக்க ஆள் கிடையாது. நடவுக்கே மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வரிசை பிடித்து அவர்கள் நடுகிற வேகம் தனி. அறுப்புக்கு மிஷின்தான். ஆக மிஷின் கூலியை மிச்சம் பிடித்தது, உளுந்தைக் கொண்டுபோய்விட்டது.

பாரம்பரிய நெல் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் இந்தக் காவிரிக்கரைக்காரர், நெல் ஜெயராமன் எங்களுக்குப் பக்கத்தில் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியவர், 174 ரகங்களை மீட்டவர். அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, நானும் ஒரு மா அளவில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன், வீட்டுக்கு. ஆனால் இதை வருமான வழியாக எடுக்கும் பையனிடம் ஒன்று கேட்பேன்: விளைப்பது உன் வேலை, விற்பது யார்? மகசூல் பாதிதான் இருக்கும், ஆள் உயரம் வளர்ந்து கார்த்திகைக் காற்றில் சாயும், அதனால் இரண்டு மடங்கு விலைக்கு விற்றே ஆக வேண்டும். கூட்டாளி ஒருவன் வாட்ஸ்அப் குழு வைத்து சென்னைக்குக் கருப்புக் கவுனி அரிசி அனுப்பினான். முதல் மூன்று மாதம் பார்சல் கட்ட நேரமில்லை. அப்புறம் வாங்கியவர்கள் வீட்டில் பழைய அரிசியே தீரவில்லை, ஏனென்றால் அதைத் தினமும் யாரும் சாப்பிடுவதில்லை. பாக்கி வண்டு விழுந்தது. பேசத் தெரிந்தவன், பொருளை விற்பதில் ருசி கண்டவன் இதில் ஜெயிக்கிறான், அப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வயலில் இருந்தாலும் வியாபாரிகள்தான், சோப்பு விற்றாலும் ஜெயித்திருப்பார்கள்.

இரண்டாவது வழி, வேலையில் இருந்துகொண்டே பார்ப்பது. இதற்குக் கேட்க வேண்டியது ஒரே கேள்வி, வேலை எவ்வளவு தூரத்தில்? தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி வரைக்கும் என்றால் நடக்கும், ஷிப்டு வேலை என்றால் இன்னும் நன்றாக நடக்கும், காலையில் மடை பார்த்துவிட்டு மத்தியான ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை, திருப்பூர் என்றால் நடக்காது. சனிக்கிழமை பார்த்தா புகையான் பூச்சி விழுகிறது? முறைத் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமைதான் வருமா? வெளியூரிலிருந்து விவசாயம் பார்க்கிறேன் என்று சொல்லும் எல்லா வீட்டிலும் உண்மையில் பார்ப்பது 65 வயது அப்பாதான். பையன் காசு அனுப்புகிறான். அதில் தப்பில்லை, அந்தக் காசு இல்லாவிட்டால் பல வயல்களில் நாற்றே விட முடியாது. 2018-19 தேசிய மாதிரி ஆய்வுக் கணக்குப்படி நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய், அதில் பயிரிலிருந்து வந்தது 3,798, கூலி சம்பளத்திலிருந்து வந்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று பெயர், பயிரைவிடச் சம்பளம்தான் அதிகம். ஆனால் அப்பாவுக்கு முடியாமல் போகிற நாள் வரும். அன்றைக்கு இந்த ஏற்பாடு ஒரே வாரத்தில் குத்தகையாக மாறிவிடும். இதை நான் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் பார்த்துவிட்டேன்.

குத்தகையைப் பற்றி ரொம்ப எழுத ஒன்றுமில்லை, கணக்கு மேலேயே வந்துவிட்டது. 1955ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தகைக்காரரைச் சும்மா கிளப்பிவிட முடியாது என்பதால் நிலத்துக்காரர்கள் பயந்துகொண்டு எழுத்தில் கொடுப்பதில்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. அதனால் அடிபடுவது குத்தகைக்கு எடுக்கிறவன். நிலம் இல்லாத பையன் ஒருவன் ஆர்வமாக ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்தால் அவன் பெயரில் அடங்கல் ஏறாது, கூட்டுறவுக் கடன் கிடையாது, வெள்ள நிவாரணம் வந்தால் சென்னையில் இருக்கும் நிலத்துக்காரர் கணக்குக்குப் போகும். அவராகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். "இளைஞர்கள் விவசாயத்துக்குத் திரும்ப வேண்டும்" என்று பேசும்போது நம் மனசில் இருப்பது நிலம் உள்ள வீட்டுப் பையன் மட்டும். எங்கள் கீழ்த்தஞ்சைப் பக்கம் வயலில் காலம் முழுக்க நின்றவர்களில் பாதிப் பேருக்கு நிலமே கிடையாது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்ட தகராறில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25இல். அந்தத் தெருவுப் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அங்கே அவனை யாரும் டேய் போட்டுக் கூப்பிடுவதில்லை, சனிக்கிழமை சம்பளம் எண்ணிக் கையில் கொடுக்கிறார்கள். அவனிடம் போய் மண்ணுக்குத் திரும்பு என்றால் எந்த மண்ணுக்கு என்று கேட்பான். எனக்குப் பதில் தெரியாது.

பெண் பிள்ளைகள் கதை இன்னொன்று. 1989இலேயே தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. நடைமுறையில் கல்யாணத்துக்குப் பிறகு பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். எங்கள் அக்காவும் போட்டுக்கொடுத்தது. களை எடுப்பதிலிருந்து விதை நெல் காயவைப்பது வரை அக்காவுக்குத் தெரியாத வேலை கிடையாது, என்னைவிட நன்றாகப் பண்ணியிருக்கும். யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது, நாலாவது வழிக்கு அதுவே நல்ல வாசல். எனக்குப் பெண் பார்த்தபோது தரகர் முதல் இரண்டு வீட்டில் "பையன் விவசாயம்" என்றார், காபி மட்டும் கிடைத்தது. மூன்றாவது வீட்டில் அவரே சுதாரித்துக்கொண்டு "பையன் மெக்கானிக்கல் படிச்சிருக்கு, சொந்தமா மிஷின் வெச்சிருக்கு, கூட நிலமும் இருக்கு" என்றார். ஆள் அதே ஆள்தான். மாமனார் இன்றைக்கும் என்னைத் தொழில் பண்ணுகிறேன் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்கிறார்.

அவர் சொல்வதும் பொய்யில்லை. நான் வந்த இரண்டாம் வருஷம் செகண்ட்ஹேண்ட் டிராக்டரும் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரும் எடுத்தேன், அப்புறம் தட்டில் பாய் நாற்று வளர்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். என் மூன்று ஏக்கர் ஒரு வருஷத்தில் தருவதை நாற்றங்கால் ஒரு குறுவைப் பட்டத்திலேயே தந்த வருஷம் உண்டு. ஏன் என்று யோசித்தால் விடை சுலபம்: விவசாயி நெல் விற்கும் வரை காத்திருக்கிறான், மிஷின்காரன் வேலை முடிந்த அன்று சாயங்காலமே காசு வாங்குகிறான், கடன் சொல்கிறவர்களும் உண்டுதான், ஆனால் அடுத்த உழவுக்கு வர வேண்டுமே என்று கொடுத்துவிடுவார்கள். அணை பொய்த்தால் இதுவும் படுக்கும், அது வேறு. டிராக்டர் தவணைக்காரன் மேட்டூர் நீர்மட்டம் கேட்க மாட்டான், 2023இல் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். எல்லோருக்கும் உழவு ஒரே சமயத்தில் வேண்டும், அந்த மூன்று வாரம் தூக்கம் கிடையாது, அடுத்த இரண்டு மாதம் வண்டி புளியமரத்தடியில் நிற்கும். அறுப்பு மிஷின் வாங்கும் ஆசை வேண்டாம் என்பேன், வெளி மாவட்டங்களிலிருந்து வரிசையாக வந்து இறங்குகிறார்கள், அவர்களோடு போட்டி போட முதல் அதிகம் வேண்டும். டிரோன் ஏக்கரைப் பத்து நிமிஷத்துக்குள் அடித்துவிடும், ஓட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டும், பேட்டரி செலவை யாரும் முன்னால் சொல்வதில்லை. வேளாண்மை படித்தவர்களுக்கு இந்த மாதிரி சேவை மையம் வைக்க அரசு 2025இல் 30 சதவீத மானியம் அறிவித்தது, பட்டமோ டிப்ளமாவோ வைத்திருப்பவர்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஆக என் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். வேலையை இப்போது விடாதே. ஒரகடத்திலிருந்து தஞ்சாவூர் பக்கம் ஏதாவது வேலைக்கு மாறப் பார், ஆறாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, அறை வாடகையில் அது நேராகிவிடும். அடுத்த குறுவைக்கு என் நாற்றங்காலில் தட்டு வேலையைக் கற்றுக்கொள், பங்கு தருகிறேன். பட்டாவை மாற்றும் வேலையை இந்த மாதமே தொடங்கு, அத்தைமார்கள் இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடியுங்கள், யாருக்கு என்ன பங்கோ அதைக் கொடுத்து முடியுங்கள். மூன்று ஏக்கரையும் அப்பாவிடமிருந்து பிடுங்காதே. ஒரே ஒரு ஏக்கர், மூன்று மா, உன் பொறுப்பில் கேள், என்ன ரகம், எப்போது நடவு, எவ்வளவு உரம் எல்லாம் நீ வைத்ததுதான் சட்டம், நஷ்டம் வந்தாலும் உன்னுடையது. இரண்டு வருஷம் அந்த ஒரு ஏக்கருக்கு நோட்டு எழுது. அதில் வருகிற கணக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் என்னிடம் பேசு.

அவனுக்கு ஒப்புதல்தான். தீபாவளிக்கு வந்தவன் சித்தப்பாவிடம் நேரடியாகக் கேட்கப் பயந்துகொண்டு என்னைத் தூது அனுப்பினான். சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுசும் கேட்டார். "கெழக்குப் பக்கத்து மூணு மா வேணா எடுத்துக்கச் சொல்லு, நல்ல தண்ணிப் பாங்கு" என்றார். எனக்கு ஆச்சரியம், இவ்வளவு சுலபமா என்று. எழுந்து செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "ஆனா வெத நெல்லு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவனுக்கு என்ன தெரியும்?"